ஸ்டீவன் லாரன்ஸ்: 18 வயதில் பறிபோன உயிர்... அவர் பெயரில் படிக்கும் இளையர்கள்

பிரிட்டனில் ஆண்டுதோறும் ஏப்ரல் 22ஆம் தேதி ஸ்டீவன் லாரன்ஸ் நாள் அனுசரிக்கப்படுகிறது. யார் அவர்? அவர் நினைவாகத் தொடங்கிய கல்வி உதவி எப்படிப்பட்டது? தெரிஞ்சுக்கலாம், வாங்க.

யார் இந்த ஸ்டீவன்?

1974இல் லண்டனில் பிறந்தவர். பெற்றோர் ஜமைக்காவிலிருந்து குடியேறியவர்கள். கட்டடக் கலைஞராக வேண்டும் என்பது அவருடைய ஆசை.

1993 ஏப்ரல் 22 இரவு, தென்கிழக்கு லண்டனில் உள்ள எல்த்தம் வட்டாரத்தில் நண்பருடன் பேருந்துக்காகக் காத்திருந்தார். வெள்ளையின இளையர் கும்பல் ஒன்று அவரைக் கத்தியால் குத்திக் கொன்றது. காரணம், இனவெறி. அப்போது அவருக்கு வயது 18.

வழக்கு என்ன ஆச்சு?

காவல்துறை விசாரணையில் பல குறைகள் இருந்தன. 1999இல் வெளியான மெக்ஃபர்சன் அறிக்கை, லண்டன் காவல்துறையில் அமைப்பு ரீதியான இனவாதம் இருப்பதாகச் சொன்னது. கொலைக்காக இருவர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது 2012இல். கிட்டத்தட்ட 19 ஆண்டுக் காத்திருப்பு!

ஆனால் மகனுடைய கனவுக்காகத் தாயார் டோரீன் லாரன்ஸ் அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. 1998லேயே மகன் பெயரில் அறநிதி அமைப்பைத் தொடங்கினார். கட்டடக் கலை பயில விரும்பும், வசதி குறைந்த இளையர்களுக்கு அது கைகொடுத்தது.

கட்டடக் கலைக்கு ஏன் தனி உதவி?

பிரிட்டனில் கட்டடக் கலைஞராகத் தகுதி பெற, வழக்கமான பாதையில் குறைந்தது 7 வருஷம் ஆகும்:

- 3 ஆண்டு இளநிலைப் பட்டம்
- சுமார் ஓராண்டு வேலை அனுபவம்
- 2 ஆண்டு மேற்படிப்பு
- மீண்டும் வேலை அனுபவம், இறுதித் தேர்வு

கல்விக் கட்டணத்துக்குக் கடன் கிடைத்தாலும் வாடகை, கணினி, மாதிரி வடிவங்கள் செய்யும் பொருள்கள் எனச் செலவு நீளும். இடையில் வேலைப் பயிற்சிக்கும் இடம் தேட வேண்டும். அந்தத் துறையில் தெரிந்தவர்கள் இல்லாத வீட்டுப் பிள்ளை யாரிடம் போய்க் கேட்கும்?

அதனால்தான் அறநிதி, பண உதவியோடு நிற்காமல் வழிகாட்டிகளையும் துறைசார்ந்த தொடர்புகளையும் ஏற்படுத்தித் தந்தது. ஸ்டீவன் தாண்ட வேண்டியிருந்த தடைகளை இன்னொருவர் தாண்ட உதவுவதே நோக்கம்.

ஸ்டீவன் லாரன்ஸ் விருதும் இதுவும் ஒண்ணா?

இல்லை. 1998இல் தொடங்கிய அந்த விருது, பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்களின் அரச கழகம் வழங்குவது. கட்டி முடிக்கப்பட்ட படைப்புகளுக்கு விருது. கல்வி உதவி, இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு.

நாமும் ஒருவர் நினைவாகத் தொடங்கலாமா?

தாராளமாக. முதலில் மூன்று விஷயங்களை முடிவு செய்யுங்கள்.

1. யாருக்கு? மதிப்பெண்ணைப் பார்த்துத் தருவது பொதுவாக உபகாரச் சம்பளம். குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தருவது உதவித்தொகை. மறைந்தவர் விரும்பிய துறையைத் தேர்ந்தெடுத்தால் அந்தப் பெயருக்குப் பொருள் கூடும்.

2. எத்தனை காலம்? நன்கொடையை நேரடியாகச் செலவழித்தால் சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். முதலீடு செய்து வருமானத்தை மட்டும் வழங்கினால் நீடிக்கும். உதாரணத்துக்கு, 100,000 வெள்ளி 4 விழுக்காடு ஈட்டினால் ஆண்டுக்கு 4,000 வெள்ளி கிடைக்கும். அதில் ஒரு பகுதியை விலைவாசி உயர்வுக்காக ஒதுக்கவும் வேண்டும்.

3. எந்தச் செலவுக்கு? கட்டணம் மட்டும்தானா, சாப்பாடு, போக்குவரத்துக்கும் சேர்த்தா? இந்தச் சின்னச் சின்னச் செலவுகள்கூடச் சிலரைப் படிப்பைப் பாதியில் விடவைக்கலாம்.

ஸ்டீவன் லாரன்ஸ் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது கொலை வழக்கு. ஆனால் அவர் பெயரிலான உதவியைப் பெற்ற மாணவருக்கோ அது, தன் படிப்பு தொடரக் காரணமான பெயர்.