லாபம் தராத கிளையை ஏன் மூடவில்லை?

பொம்மனஹள்ளியில் உட்கார்ந்து வட்டிக் கணக்கு பார்க்கிற பி.காம். ஆசாமிக்கு ஈஸ்டைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். கேளுங்கள். இதுவும் ஒரு கிளைக் கணக்குதான் :-)

தெருமுனை அய்யங்கார் பேக்கரியில் மாவை உப்ப வைக்கிற ஈஸ்டுக்கும் நம்மைப் போலவே செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா உண்டு. ஆக்சிஜனைக் கொண்டு சக்தி தயாரிக்கும் இடம் என்று பள்ளியில் படித்திருப்போம். 1949-ல் பாரிசில் போரிஸ் எஃப்ருஸி ஒரு விநோதத்தை வெளியிட்டார். அந்தச் சக்தித் தயாரிப்பை அடியோடு இழந்த ஈஸ்ட்கள்கூட, சர்க்கரையை நொதிக்க வைத்தே பிழைத்துக்கொண்டன. குட்டிக் குட்டியாக வளர்ந்தன, அவ்வளவுதான். ஆனால் மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் அவை கைவிடவில்லை. வருமானமே இல்லாத கிளையை எந்த நிர்வாகம் இப்படிக் கட்டிக் காக்கும்?

பதில் வர ஐம்பது வருடம் ஆனது. சில புரதங்களின் நடுவே இரும்பும் கந்தகமும் சேர்ந்த சிறு கொத்து இருக்கிறது. இரண்டு இரும்பு, இரண்டு கந்தகம்; அல்லது நான்குக்கு நான்கு. பெரும்பாலும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்கள்தான் அதைப் பிடித்து வைத்திருக்கும். எலக்ட்ரானை வாங்கிக் கைமாற்றுவது இதன் முக்கிய வேலை. 1999-ல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் ரோலண்ட் லில் குழுவினர் ஈஸ்டில் ஒன்றைக் கண்டார்கள். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் என்எஃப்எஸ்1 என்ற புரதம் கந்தகம் எடுத்துக் கொடுக்காவிட்டால், மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே இருக்கும் புரதங்களுக்கும் இந்தக் கொத்து கிடைப்பதில்லை! 2005-ல் ஆர்எல்ஐ1 என்ற புரதத்தின் கதை தெரிந்தது. ரைபோசோம் உருவாக அது வேண்டும். அது வேலை செய்ய இந்தக் கொத்து வேண்டும். ரைபோசோம் இல்லாவிட்டால் செல்லில் புரதமே இல்லை.

எங்கள் பாஷையில் சொன்னால், அது கரன்சி செஸ்ட் இருக்கும் கிளை. அதற்கு லாபம் இல்லாமல் போகலாம். ஆனால் மற்ற கிளைகளுக்குப் பணம் போவது அங்கிருந்துதான்.

இந்தக் கதையில் பெங்களூருக்கும் ஒரு பங்கு உண்டு. ஈஸ்டில் கொத்து கட்டப்படும் மேடை ஐஎஸ்யூ1 என்ற புரதம். மனிதனில் அதன் பங்காளி ஐஎஸ்சியூ. இதன் மரபணுக் குறைதான் வட ஸ்வீடன் குடும்பங்களில் வரும் ஒரு தசை நோய்க்குக் காரணம் என்று 2008-ல் தெரிந்தது. அவர்களுக்கு நாலு படி ஏறினாலே இதயம் படபடக்கும், ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறும். அந்தப் புரதத்தின் 50-வது இடத்தில் கிளைசின் மாறிப்போனால் நோய் இன்னும் கடுமை. இங்கே ஆட்டோக்காரர்கள் டாடா இன்ஸ்டிட்யூட் என்று சொல்லும் இந்திய அறிவியல் கழகத்தில், பேட்ரிக் டி'சில்வா குழுவினர் அதே மாற்றத்தை ஈஸ்டிலும் மனித செல்களிலும் வைத்துச் சோதித்து 2014-ல் வெளியிட்டார்கள். கொத்துத் தயாரிப்பு குறைந்தது. கூட்டாளிப் புரதங்களோடு பிடிப்பு தளர்ந்தது.

நோயாளியின் தசையை தினமும் வெட்டிப் பார்க்க முடியுமா? ஈஸ்டில் முடியும். சர்க்கரை மட்டும் போதும், அதுவும் சில நாட்களில்.

கிளை இணைப்புப் பட்டியல் வரும்போதெல்லாம் எனக்கு ஈஸ்ட் ஞாபகம்தான். லாப நஷ்டக் கணக்கின் கடைசி வரியை மட்டும் பார்த்திருந்தால், அது எப்போதோ செத்திருக்கும்.