சிகாகோ நகரின் மரியாதைச் சுவர்

வீதியில் நிற்கும் சுவர் யாருக்கு உரியது? கட்டிட உரிமையாளருக்கே என்பது சட்டத்தின் விடை. 1967-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் வாழ்ந்த கறுப்பின மக்கள் இவ்வினாவிற்கு வண்ணத்தால் வேறொரு விடை எழுதினர்.

தென் மாநிலங்களின் கொடுமைக்குத் தப்பியும் பிழைப்பு நாடியும் அம்மக்கள் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பெருந்திரளாக அந்நகரில் குடியேறினர். கறுப்பருக்கு வீடு விற்பதில்லை என வெள்ளையர் தமக்குள் எழுதிக்கொண்ட பத்திரங்கள் அவர்களை நகரின் தென்பகுதியிலேயே ஒதுக்கிவைத்தன. அவற்றை நீதிமன்றங்கள் நிறைவேற்றலாகாது என உச்ச நீதிமன்றம் 1948-இல் தீர்ப்பளித்தது. எனினும் ஒதுக்கிடங்கள் ஒழிந்தபாடில்லை.

அத்தகைய பகுதி ஒன்றில், 43-ஆம் தெருவும் லாங்லி சாலையும் கூடும் முனையில் பழுதுபட்ட கட்டிடம் ஒன்று இருந்தது. கறுப்பின அமெரிக்கப் பண்பாட்டு அமைப்பைச் சேர்ந்த கலைஞர்கள் அதன் சுவரைத் தேர்ந்தனர். வில்லியம் வாக்கர், ஜெஃப் டொனால்ட்சன், வாட்ஸ்வொர்த் ஜாரெல், பார்பரா ஜோன்ஸ் முதலியோர் தூரிகை ஏந்தினர். சுவரைப் பகுதிகளாகப் பிரித்து, வண்ணத்திட்டம் வகுத்துத் தந்தவர் சில்வியா அபர்நாதி என்னும் பெண்மணி. இசை, நாடகம், அரசியல், சமயம், இலக்கியம், விளையாட்டு என ஒவ்வொரு பகுதியையும் ஒருவரோ சிலரோ ஏற்றனர். நிழற்படக் கலைஞர்களின் படங்களும் ஓவியங்களுக்கிடையே பொருத்தப்பட்டன. பல கைகள் உழைத்தும் சுவர் சிதறித் தோன்றாமைக்கு அம்மையாரின் வடிவமைப்பே காரணம் எனலாம்.

மால்கம் எக்ஸ், டூபாய்ஸ், முகமது அலி, நீனா சிமோன் ஆகியோர் அங்கே காட்சி தந்தனர். புலிட்சர் பரிசு பெற்ற முதல் கறுப்பினக் கவிஞரான குவெண்டலின் புரூக்ஸ் அச்சுவரைப் பற்றிக் கவிதை இயற்றினார்.

கூட்டுப்பணியில் பூசலும் எழுந்தது. நார்மன் பாரிஷ் தீட்டிய அரசியல் தலைவர்கள் பகுதி வெள்ளையடிக்கப்பட்டு, யூஜின் வேட் என்பாரால் புதிதாகத் தீட்டப்பட்டது. இதனால் கலைஞரிடையே பிளவு நேர்ந்தது. பொதுச்சுவரில் வரைந்ததை மாற்றும் உரிமை வரைந்தவர்க்கா, தெருவினர்க்கா, அமைப்பிற்கா என்பதை முன்னரே முடிவு செய்யாமையின் விளைவு அது.

1971-இல் கட்டிடத்தில் தீப்பற்றியது. பின்னர் அஃது இடிக்கப்பட்டது. ஆயினும், அதனைக் கண்டு டிட்ராய்ட் நகரில் 1968-இலேயே கண்ணியச் சுவர் எழுந்துவிட்டது. பிற நகரங்களிலும் சுவரோவியங்கள் பெருகின.

பாடநூல் இடந்தராத பெரியோரைத் தெருச்சுவரில் கண்டு வளர்ந்தனர் அத்தெருப் பிள்ளைகள். கல்விப் பணியில் ஈடுபட்டோர் கருதிப் பார்க்கத்தக்க செய்தி இது: பள்ளிக்கு வெளியேயும் பாடம் எழுத இடமுண்டு, அதனைப் பலர் கூடித் திட்டமிட்டு எழுதுதல் வேண்டும்.