மணலிலும் நீரிலும் வரையப்பட்ட கோடுகள்: வல்வெட்டித்துறையை முன்வைத்து ஒரு வரலாற்று ஒப்புநோக்கு

முதலாம் உலகப் போரின் பின்னர் பிரித்தானிய ஏகாதிபத்தியம் தன் ஆட்சிப்புலத்தில் புதிய எல்லைகள் பலவற்றை வகுத்தது. அவற்றுள் இரண்டு எமது கவனத்துக்குரியன. ஒன்று, 1922 டிசம்பரில் உக்கைர் என்னுமிடத்தில் ஈராக், நஜ்து, குவைத் ஆகியவற்றுக்கிடையே பாலைவனத்தில் இடப்பட்டது. மற்றையது, 1921 ஒக்டோபரில் கொழும்பில் கூடிய சென்னை, இலங்கை அரசுகளின் பிரதிநிதிகள் பாக்கு நீரிணையில் இட்ட மீன்பிடி எல்லைக்கோடு. ஏறத்தாழ ஓராண்டு இடைவெளியில் எழுந்த இவ்விரண்டையும் எவரும் சேர்த்து நோக்குவதில்லை. ஆயினும், தொன்றுதொட்டு வந்த போக்குவரத்து எவ்வாறு குற்றமாக மாறுகின்றது என்பதை விளங்கிக்கொள்ள இவ்வொப்பீடு பெரிதும் துணைபுரியும் என்பது எமது கருத்து.

1. பாலைவனமும் விமானமும்

பதூவியர் என்னும் நாடோடி மக்களின் வாழ்வு மழையையும் மேய்ச்சலையும் கிணற்றையும் பின்தொடர்ந்து செல்வது. பருவத்துக்குப் பருவம் நூற்றுக்கணக்கான மைல்கள் இடம்பெயர்வது அவர்களது பொருளாதாரத்தின் அடித்தளம். ஒட்டகக் கவர்ச்சியும் அவ்வமைப்பின் ஓர் உறுப்பாகவே நிலவியது. உக்கைரில் பிரித்தானியப் பிரதிநிதி பேர்சி கொக்ஸ் நிலப்படத்தில் கோடிட்டபோது, குலங்களின் மேய்ச்சல் நிலங்கள் இரு அரசுகளுக்கிடையே துண்டாடப்பட்டன. கால்நடைகளும் மேய்ப்பர்களும் இருபுறமும் செல்ல இடமளிக்கும் பொதுமண்டலங்கள் ஒதுக்கப்பட்டதே, அக்கோடு வாழ்க்கைக்குப் பொருந்தாது என்பதற்கான ஒப்புதல் வாக்குமூலமாகும்.

இக்கோட்டைக் காப்பது எவ்வாறு? 1920 இல் ஈராக்கில் எழுந்த கிளர்ச்சியை அடக்கப் பெருந்தரைப்படையும் பெரும் பொருளும் செலவாயின. போரினாற் கடன்பட்டிருந்த பிரித்தானியா மலிவான வழியொன்றைத் தேடியது. அதே ஆண்டின் தொடக்கத்தில் சோமாலிலாந்தில் பன்னிரண்டு விமானங்களைக்கொண்டு நடத்திய நடவடிக்கை அதற்கு முன்மாதிரியாயிற்று. 1921 மார்ச்சில் சேர்ச்சில் கூட்டிய கெய்ரோ மாநாட்டைத் தொடர்ந்து, 1922 ஒக்டோபரில் ஈராக்கின் பாதுகாப்புப் பொறுப்பு விமானப்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. வரி செலுத்தாத ஊருக்கும் எல்லை தாண்டிய குலத்துக்கும் முதலில் துண்டுப்பிரசுர எச்சரிக்கை, பின்னர் குண்டு என்பது நடைமுறையாயிற்று. தண்டனை வானிலிருந்து வந்தமையால் குற்றம் செய்தவனையும் செய்யாதவனையும் அது வேறுபடுத்தவில்லை. கூடாரம், கால்நடை, கிணற்றடிப் பெண்கள் அனைத்தும் அதற்கு இலக்காயின.

எல்லை தாண்டியோர் அனைவரும் அப்பாவிகள் என நாம் கூறவரவில்லை. இப்னு சவூதின் ஆதரவில் எழுந்த இக்வான் படையினர் ஈராக்கிய மேய்ப்பர்களைக் கொன்றனர். 1922 இலும் 1924 இலும் அம்மான் நகரின் அயல்வரை வந்து தாக்கினர். ஆயின், 1927 நவம்பரில் புசையா என்னுமிடத்தில் முத்தைர் குலத்தவர் நடத்திய தாக்குதலின் பின்னணி ஆராயத்தக்கது. எல்லையையடுத்த கிணறுகளில் கோட்டை கட்டலாகாது என்பது உக்கைரில் இணங்கப்பட்ட விதி. புசையாக் கிணற்றருகே ஈராக் அரசு காவல்நிலையம் கட்டத் தொடங்கியது. அவ்விடம் எல்லையிலிருந்து போதிய தொலைவில் உள்ளது என்பது பிரித்தானியர் வாதம். நீரைக் காவல்நிலையம் மறித்துக்கொண்டால் மந்தைக்கு வாழ்வில்லை என்பது பதூவியர் வாதம். தாக்குதலில் காவலரும் தொழிலாளரும் கொல்லப்பட்டனர். பதிலுக்கு விமானங்கள் நஜ்துக்குள்ளும் புகுந்து குண்டு வீசின. 1929 மார்ச்சில் சபில்லாப் போரில் இப்னு சவூதே இக்வானை முறியடித்தார். 1930 ஜனவரியில் எஞ்சிய தலைவர்கள் பிரித்தானியரிடம் சரணடைந்து, அவரிடம் கையளிக்கப்பட்டனர்.

பின்னர் திரான்ஸ்யோர்தானில் கிளப் என்னும் அதிகாரி பதூவியரையே சேர்த்துப் பாலைவனக் காவற்படை அமைத்தார். கவர்ச்சித் தாக்குதல்கள் விரைவில் ஓய்ந்தன. விமானத்தால் அச்சத்தை விளைவிக்க முடிந்தது. இணக்கத்தை விளைவிக்க முடியவில்லை.

2. நீரிணையும் பாய்க்கப்பலும்

இனி வடமராட்சிக் கரைக்கு வருவோம். வல்வெட்டித்துறையின் வயல் கடலே. நாகபட்டினம், வேதாரணியம், கோடியக்கரை ஆகியன அவ்வூரவர்க்கு அயற்கிராமங்களை ஒத்தவை. வங்காளவிரிகுடாவைக் கடந்து பர்மாவரை அவர்களது பாய்க்கப்பல்கள் சென்றன. அரிசியும் மரமும் ஓடும் கொண்டுவந்தன. காற்றை அறிந்த தண்டையலும், வரைபடமின்றிக் கப்பல் கட்டும் மேத்திரியாரும் அச்சமூகத்தின் கல்விமான்கள்.

இவ்வறிவின் உயரத்தை அறிய அன்னபூரணி என்னும் கப்பலே சான்று. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அப்பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் விலைக்கு வாங்கினார். தண்டையல் தம்பிப்பிள்ளையும் ஊரவர் சிலரும் அதனைச் செலுத்தினர். ஏடன் அருகாகச் செங்கடலுள் நுழைந்து, சூயெஸ் கால்வாய், மத்தியதரைக்கடல், அத்திலாந்திக் ஆகியவற்றைக் கடந்து 1938 ஓகஸ்ற் 1 இல் மாசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறைமுகத்தை அது அடைந்தது. அவர்கள் கடந்துசென்ற ஏடனின் பாதுகாப்பு 1928 முதல் விமானப்படையின் பொறுப்பிலேயே இருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. ஒரே பேரரசின் ஆளுகையில் ஒருபுறம் கடலோடி உலகின் மறுகரைவரை சென்றான். மறுபுறம் மேய்ப்பன் அடுத்த கிணற்றுக்குச் செல்ல அஞ்சினான்.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது? 1921 ஆம் ஆண்டுக் கோடு மீன்பிடியைக் கருதியது. இந்திய அரசின் இறுதி ஒப்புதலையும் அது பெறவில்லை. இருகரையும் ஒரே முடியின் கீழ் இருந்தமையால் நீரிணையில் ஆட்களை மறிக்கும் அவசியம் பேரரசுக்குப் பெரிதாக எழவில்லை. தோட்டங்களுக்கு வேண்டிய தொழிலாளரை மண்டபம் முகாமினூடாக அதுவே கொண்டுவந்தது. உழைப்புத் தேவைப்பட்ட திசையில் எல்லை திறந்திருந்தது.

நிலைமை 1948 இல் மாறிற்று. அவ்வாண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றோராக்கியது. குடிவரவு, குடியகல்வுச் சட்டம் நீரிணையைச் சர்வதேச எல்லையாக்கியது. 1952 இல் ‘மொன்ரி நடவடிக்கை’ என்ற பெயரில் வடபகுதிக் கரையோரத்தில் இராணுவமும் கடற்படையும் ஈடுபடுத்தப்பட்டன. 1963 இல் சட்டவிரோதக் குடிவரவைத் தடுப்பதற்கான தனிச் செயலணியாக அது விரிவாக்கப்பட்டு 1981 வரை நீடித்தது. ‘கள்ளத்தோணி’ என்ற சொல் ஒரு மக்கட்கூட்டத்தையே இழிவுபடுத்தும் வசையாயிற்று. 1974, 1976 ஆம் ஆண்டுகளின் இந்திய - இலங்கை உடன்படிக்கைகள் கடலெல்லையை முழுமையாக வரையறுத்தன.

இக்காலத்தில் வல்வெட்டித்துறை ‘கடத்தற்காரரின் ஊர்’ எனப் பெயர் பெற்றது. கடத்தல் நடைபெற்றது உண்மையே. இலாபத்தின் பெரும்பகுதி முதலிட்ட சிலரையே சேர்ந்தது என்பதும் உண்மையே. ஆயினும் துணியும் வெங்காயமும் ஏற்றிய தோணி, பாட்டன் காலத்தில் வாணிபம் எனப்பட்டதையே செய்தது. செயல் மாறவில்லை, அதன் பெயர் மாறிற்று. காவலுக்கு வந்தோரோ பெரும்பாலும் கரையின் மொழியை அறியாதவர். கரையோர மக்களையே காவலின் பங்காளராக்கும் முயற்சி இங்கு மேற்கொள்ளப்படவில்லை. எனவே ரோந்து என்பது குற்றத்தைத் தேடும் பணியாக அன்றி, ஊரைச் சந்தேகிக்கும் பணியாக வளர்ந்தது. பின்னர் எழுந்த ஆயுதப் போராட்டத்தில் இவ்வூர் பெற்ற முதன்மைக்கு இதுவே முழுக்காரணம் அன்று. எனினும் இதனை விலக்கி அதனை விளக்கவும் இயலாது.

3. திரும்பிவந்த விமானம்

1987 மே 26 இல் வடமராட்சியைக் கைப்பற்ற ‘ஒப்பரேசன் லிபரேசன்’ தொடங்கியது. கோயில்களிலும் பாடசாலைகளிலும் ஒதுங்குமாறு கூறும் துண்டுப்பிரசுரங்கள் வானிலிருந்து விழுந்தன, குண்டுகளும் விழுந்தன. அடைக்கலம் புகுந்த இடங்களும் தப்பவில்லை. அல்வாய் முத்துமாரியம்மன் கோயிலில் தஞ்சமடைந்தோர் எறிகணையால் மாண்டனர். ஈராக்கியக் கூடாரங்களின்மேல் அறுபதாண்டுகளுக்கு முன்னர் பயிலப்பட்ட முறையின் சாயலை இங்கே காணாதிருத்தல் அரிது. ஆட்சியாளர் மாறினர், ஆளப்படுவோரை வானிலிருந்து நோக்கும் பார்வை மாறவில்லை. 1989 ஓகஸ்றில் இந்திய அமைதிப்படையினர் வல்வெட்டித்துறையில் பொதுமக்கள் பலரைக் கொன்றபோது, நீரிணையின் மறுகரையும் அவ்வூர் மக்களுக்கு அடைக்கலமாக அன்றி ஆயுதமாகத் தோன்றிற்று.

இவ்வொப்பீட்டிலிருந்து நாம் பெறக்கூடிய முடிபுகள் மூன்று. முதலாவது, எல்லை குற்றத்தைக் கண்டுபிடிப்பதில்லை; பல வேளைகளில் அதனை உருவாக்குகின்றது. இரண்டாவது, மலிவான காவல் என்பது காப்பவனுக்கே மலிவானது. அதன் விலையைக் காக்கப்படும் நிலத்தின் மக்கள் செலுத்துகின்றனர். மூன்றாவது, எல்லையோரத்து மக்களின் அறிவைப் பகையாகக் கருதும் அரசு அவர்களைப் பகைவராகவே ஆக்கிவிடுகின்றது. பாக்கு நீரிணையில் மீனவர் கைதாவதும் படகுகள் பறிமுதலாவதும் இன்றும் தொடர்கின்றன. அங்கே இழுவைப்படகு கடலின் அடித்தளத்தை அழிக்கின்றது என்ற வடபகுதி மீனவரின் முறைப்பாடு நியாயமானது. மறுகரைத் தொழிலாளியின் வயிறும் உண்மையானது. இவ்விரு நியாயங்களையும் ரோந்துக்கப்பலால் தீர்க்க இயலாது. அக்கடலை அறிந்த இருகரைத் தொழிலாளரையும் ஒரே மேசையில் அமர்த்தி, அவர்களது இணக்கத்துக்குச் சட்டவலு அளிப்பதே வரலாறு எமக்குக் காட்டும் வழியாகும்.