பாக்டீரியாவின் சிக்கன நடவடிக்கை

பி.காம். படிக்கிறவனுக்கு பாக்டீரியாவோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். இதுவும் வரவு செலவுக் கணக்குதான்!

அமினோ அமிலம் தீர்ந்துபோனால் ஈ.கோலை பாக்டீரியா ஆர்.என்.ஏ. தயாரிப்பையும் நிறுத்திவிடும். சரக்கு இல்லாததால் நிற்கிறது என்று நினைப்போம். ஆனால் 1961-ல் ஸ்டென்ட்டும் பிரென்னரும் ஆராய்ந்த ஒரு வகை, பட்டினியிலும் தயாரித்துக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு மரபணுவில் கோளாறு! அப்படியானால் நிறுத்து என்று உத்தரவு போடுவதே அந்த மரபணுதான்.

1969-ல் காஷெலும் காலன்ட்டும் பட்டினி கிடந்த பாக்டீரியாவின் சாற்றைப் பிரித்தபோது புதிதாக இரண்டு புள்ளிகள் தெரிந்தன. 'மாயப் புள்ளி' என்றே பெயர் வைத்தார்கள் (விஞ்ஞானிகளுக்கும் குறும்பு உண்டு). அந்த மூலக்கூறு ரைபோசோம் கட்டுவதை நிறுத்தி, அமினோ அமிலத்தைத் தயாரிக்கும், வெளியிலிருந்து உள்ளே கொண்டுவரும் மரபணுக்கள் சிலவற்றை முடுக்கிவிடுகிறது. பழைய புரதங்களும் உடைக்கப்பட்டு மறுபடி பயன்படுகின்றன. கோளாறுள்ள வகையில் புள்ளியே வரவில்லை. உணவு திரும்பக் கிடைத்தாலும் அது எழுந்திருக்க அதிக நேரம் பிடிக்கிறது.