அல்சாஸ்

பிரான்சின் கிழக்கு ஓரத்தில், வோஜ் மலைக்கும் ரைன் ஆற்றுக்கும் இடையே நீளவாக்கில் கிடக்கும் பகுதி. தலைநகர் ஸ்திராஸ்பூரை 1681இல் பதினான்காம் லூயி கைப்பற்றினார். 1871இல் ஜெர்மனி, 1918இல் பிரான்ஸ், 1940இல் நாஜிகள், போர் முடிவில் மறுபடி பிரான்ஸ். 1870இல் பிறந்து முதுமைவரை வாழ்ந்தவர், வாசற்படி தாண்டாமலே நான்கு முறை நாடு மாறியிருப்பார். நாஜிகள் சுமார் 1,00,000 அல்சாஸ் இளைஞர்களை வலுக்கட்டாயமாகப் படையில் சேர்த்தது இன்னும் ஆறாத புண்.

ஜெர்மானிய ஆட்சி போனாலும் அதன் தடயம் போகவில்லை. 1905இல் பிரான்ஸ் அரசையும் மதத்தையும் பிரித்தபோது அல்சாஸ் ஜெர்மனி வசம் இருந்தது. அதனால் இங்கே பாதிரியார்களுக்கு இன்றும் அரசுச் சம்பளம். மதச்சார்பின்மை பேசும் நாட்டில் இது வேடிக்கைதான். பிரான்சில் ரயில்கள் பொதுவாக இடப்பக்கத் தடத்தில் ஓட, இங்கே வலப்பக்கம். புளிக்கவைத்த முட்டைக்கோஸும் பன்றி இறைச்சியும் ரீஸ்லிங் ஒயினும் விருந்துச் சாப்பாடு. அல்சேசியன் என்னும் ஜெர்மானியக் கிளைமொழியைப் பெரியவர்களே அதிகம் பேசுகிறார்கள்; பேரப்பிள்ளைகளின் பேச்சு பெரும்பாலும் பிரெஞ்சு.