வடக்கு வெளிச்சம் பொய்க்கும் ஊர்: கிள்ளான் பள்ளத்தாக்கின் ஓவியக் கூடங்களில் ஒளியமைப்பு

ஓவியக் கூடத்துக்கு வெளிச்சம் வடக்கிலிருந்து வர வேண்டும் என்பது ஐரோப்பியக் கட்டடக்கலையின் பழைய பாடம். லண்டனில் நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கிலேயே நிற்பதால் அங்கே அது சரி. கோலாலம்பூர் இருப்பதோ வட அட்சம் 3 பாகையில். மார்ச் கடைசி முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை இங்கே நண்பகல் வெயில் வடக்குச் சாளரத்தில்தான் விழுகிறது. போதாக்குறைக்குப் பிற்பகல் மழை வேறு. கூரைக் கண்ணாடியின் கீழ் பளிச்சென்று தெரிந்த படம், கருமேகம் கூடிய சற்று நேரத்தில் சோபை இழந்துவிடும். ஆகவே இந்த ஊரின் ஒளியமைப்பு சாளரத்திலிருந்து அல்ல, இருட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சர்வதேச ஒளியூட்டல் ஆணையத்தின் 157ஆம் அறிக்கை (2004) எண்ணெய் வண்ண ஓவியத்துக்கு 200 லக்ஸும், நீர்வண்ணத்துக்கும் சாயத் துணிக்கும் 50 லக்ஸும் வரம்பாக வைக்கிறது. பலர் இந்த எண்களோடு நின்றுவிடுகிறார்கள். அறிக்கையின் உயிர் ஆண்டுக் கணக்கில் இருக்கிறது. எளிதில் வெளிறும் பொருளுக்கு ஓராண்டில் 15,000 லக்ஸ்-மணிதான் அனுமதி. 50 லக்ஸில் அது 300 மணி நேரம். நாளுக்கு 8 மணி நேரம் திறந்து வைத்தால் 37 நாளில் தீர்ந்துபோகும். மலேசியாவில் இது ஏட்டுக் கணக்கன்று. சுவா தியான் டெங் 1950களில் பாத்திக்கை ஓவியமாக்கிய பிறகு, நம் நவீன ஓவிய வரலாற்றில் ஒரு பெரும் பகுதி சாயத் துணியில்தான் இருக்கிறது. எல்லாச் சாயமும் ஒரே வேகத்தில் வெளிறுவதில்லை என்பது உண்மை. எந்தச் சாயம் என்று தெரியாதபோது கடுமையான வரம்பையே கொள்வதுதான் முறை. எல்இடி போட்டுவிட்டோம், இனிக் கவலையில்லை என்பதும் செல்லாது. அதில் புற ஊதா மிகக் குறைவுதான். ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியே, குறிப்பாக நீலப் பகுதி, சாயத்தைத் தின்கிறது.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. வெளியே உச்சி வெயில் 1,00,000 லக்ஸை நெருங்கும். அங்கிருந்து 50 லக்ஸ் அறைக்குள் நுழைபவருக்கு ஒன்றும் தெரியாது. விளக்கைக் கூட்டுங்கள் என்பார். கூட்ட வேண்டியது விளக்கையல்ல, வாசலுக்கும் படத்துக்கும் இடையிலான நடையை. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதிக் கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதை இதைக் கேட்காமலே தருகிறது: வெயில், நிழல், முன்னறை, உள்ளறை என்று கண் படிப்படியாகப் பழகும். 2002இல் தொடங்கிய வெய்-லிங் காட்சிக்கூடம் ஸ்காட் சாலையில் இப்படியொரு கடைவீட்டில் இயங்கியது. 2004 தீயில் கட்டடம் எரிந்ததும் கட்டடக் கலைஞர் ஜிம்மி லிம் அதை மறுவடிவமைத்தார். பாங்கியில் அவர் கட்டிய சாலிங்கர் இல்லம் 1998இல் ஆகா கான் விருது பெற்றது. வெப்பமண்டல நிழலை வாழ்நாள் பாடமாகக் கொண்டவர் ஓவியக் கூடத்தைத் தொட்டது நல்ல பொருத்தம்.

இருட்டைக் கையாளத் தெரிந்த இன்னொரு கூட்டம் மேடைக்காரர்கள். ராம்லி இப்ராஹிம் 1983இல் நிறுவிய சூத்ரா நடனக் குழுவுக்கு ஒளியமைப்பவர் சிவராஜா நடராஜன், அவர் ஓவியரும்கூட. தித்திவங்சாவிலுள்ள சூத்ரா இல்லத்தில் மேடையும் ஓவியக் கூடமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. எதை மறைப்பது என்பதிலிருந்து தொடங்கும் மேடைப் பழக்கம் கூடத்துக்கு உதவும். விளக்கின்முன் வண்ணத் தாள் வைக்கும் பழக்கம் உதவாது; ஓவியத்தின் நிறத்தில் கைவைக்க விளக்குக்கு உரிமையில்லை. கோணமும் வேறு. செங்குத்திலிருந்து சுமார் 30 பாகையில் விளக்கு விழுந்தால் படத்தின் கண்ணாடியில் விளக்கு பிரதிபலித்துப் பார்ப்பவர் கண் கூசாது, சட்டகத்தின் நிழலும் படத்தின்மேல் நீளாது.

கிள்ளானில் சிக்கல் தலைகீழ். சுல்தான் அப்துல் அசிஸ் அரச காட்சிக்கூடம் 1909இல் ஏ.பி. ஹப்பக் வடிவமைத்த அரசு அலுவலகம், 2007இல்தான் காட்சிக்கூடமானது. அலுவலகத்துக்குச் சாளரம் வரம், காட்சிக்கு வைக்கும் புகைப்படத்துக்குச் சாபம். அதற்காக இத்தகைய பழைய கட்டடங்களின் சாளரங்களை எல்லாம் பலகை வைத்து அடைப்பதை நான் ஏற்கவில்லை. உலோகத்துக்கும் கல்லுக்கும் அந்த அறிக்கை ஒளி வரம்பே வைக்கவில்லை. அவற்றைச் சாளர ஓரத்திலும், தாளையும் துணியையும் உள்சுவரிலும் வைத்தால் மின்கட்டணமும் குறையும், கட்டடமும் பிழைக்கும்.