சாரலும் சந்தையும்

மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் குற்றாலக் குறவஞ்சியை இயற்றியபோது, அம்மலையின் வளத்தை எடுத்துரைக்கும் பொறுப்பைத் தாமும் வைத்துக்கொள்ளாமல், நாயகியாகிய வசந்தவல்லிக்கும் கொடாமல், மலைக்கே உரியவளான குறத்தியிடம் ஒப்படைத்தார். மலையை அறிந்தவளே மலையைப் பற்றிப் பேச உரியவள் என்பது கவிராயரின் அபிப்பிராயம் போலும். ஆனால் அதன்பின் கழிந்த காலத்தில், குற்றாலம் எதற்கு உரிய இடம், அங்கே எந்த வியாபாரம் நடக்கலாம், எது நடக்கலாகாது என்று எழுந்த விவாதங்களில் எல்லாம் ஓங்கி ஒலித்தது வெளியூராரின் குரலேயாகும்.

முதலில் வந்து பேசியது கிழக்கிந்தியக் கம்பெனி. ஜாதிக்காயும் கிராம்பும் கீழைக்கடல் தீவுகளில் நெடுங்காலம் டச்சுக்காரர் கையில் அடங்கிக் கிடந்தவை. தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாயின் வழியே உட்புகுந்து சாரலாக உதிரும் இவ்வடிவாரத்தில் அவை விளையக்கூடும் என்று கண்ட கம்பெனி உத்தியோகஸ்தர், 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கே வாசனைப் பயிர்த் தோட்டங்களை உண்டாக்கினார்கள். கம்பெனி மறைந்தது, ஜாதிக்காயும் கிராம்பும் இம்மண்ணில் நிலைத்துவிட்டன. பயிர் பார்க்க வந்த வெள்ளைக்காரர், கடல் மட்டத்துக்கு ஐந்நூறு அடிக்குச் சற்றே மேற்பட்ட உயரத்தில் இத்தனை குளிர்ச்சியா என்று வியந்து, கோடைக்கு ஒதுங்கும் ஆரோக்கிய ஸ்தலமாகவும் இதனை ஆக்கிக்கொண்டார்கள். மலைக்கு அப்பாலிருந்த திருவிதாங்கூர் அரசர் பங்குக்கு ஓர் அரண்மனை எழுந்தது. அது இன்றும் கேரள அரசின் உடைமையே. அண்டையிலுள்ள செங்கோட்டையோ முதலில் திருவிதாங்கூரையும், பின்பு 1956 நவம்பர் 1 வரையில் திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்திருந்தது. எல்லைக்கோடு மாறி எழுபதாண்டு ஆகப்போகிறது. ஆயினும் பழைய எல்லையிலுள்ள பிரானூர்ப் புரோட்டாக் கடையைச் சனங்கள் இன்னமும் ‘பார்டர் கடை’ என்றுதான் அழைக்கிறார்கள்.

1904இல் திருநெல்வேலியையும் கொல்லத்தையும் தென்காசி வழியாக ரயில் இணைத்தபிறகு, துரைமார்க்கும் ஜமீன்தார்க்கும் வாய்த்த அருவி ஸ்நானம் சாமானியர்க்கும் எளிதாயிற்று. கவிதை ரசனைக்குப் பேர்போன ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் இவ்வூரில் வாழ்ந்த நாளில் ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி வந்தார்கள். அருவியில் குளிப்பதும் கவிதையில் திளைப்பதும் ஒரே அனுபவத்தின் இரு கூறுகள் என்று அன்று பலரும் உணர்ந்தார்கள். அவர்களும் விருந்தினரே, ஆனால் ஊரை மாற்றியமைக்க முயலாத விருந்தினர்.

இன்றைய குற்றாலம் சில ஆயிரம் பேரே நிலையாக வசிக்கும் ஒரு சிறு பேரூர். நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவு கப்பலை நம்பியிருப்பது போல, மலையும் வயலும் சூழ்ந்த இவ்வூர் ஜூன் முதல் ஆகஸ்டு வரையுள்ள சீசனை நம்பியிருக்கிறது. ஏலத்தில் கடை எடுத்தவர் விடியற்காலையில் முதலில் நோக்குவது கல்லாப்பெட்டியை அன்று, மலை முகட்டை. மேகம் இறங்காவிட்டால் மங்குஸ்தானும் ரம்புட்டானும் கூடையிலேயே வாடும். தென்காசி பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவர் கேட்கும் முதற்கேள்வியே, ‘அருவியிலே தண்ணி விழுதா?’ என்பதுதான். மேகம் அளவுக்கு மிஞ்சி இறங்கினாலும் ஆபத்தே: பேரருவியின் வெள்ளம் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழத் தொடங்கியதும் குளிக்கத் தடை வரும், கூட்டம் கலையும், அன்றைய வியாபாரம் படுத்துவிடும். மூன்று மாத வருமானத்தில் பன்னிரண்டு மாத ஜீவனம் என்பது எவ்வளவு இக்கட்டானது என்பதை, இரண்டு நாள் தங்கிப்போகிற பிரயாணி உணர்வதில்லை.

இந்த நிச்சயமின்மையை வெல்ல முற்பட்டவர்கள் இயற்கை நீரோட்டத்தின் மேலேயே கைவைத்தார்கள். தனியார் விடுதிகள் மலை ஓடைகளை மறித்துத் திருப்பிச் செயற்கை அருவி அமைத்த விவகாரம் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் சென்று, 2022இல் அவற்றின் மீது நடவடிக்கை எடுக்க உத்தரவாயிற்று. அருவிக்கரையில் எண்ணெய், சோப்பு, ஷாம்பூ உபயோகிக்கலாகாது என்ற தடையும் நீதிமன்றத்திலிருந்தே வந்தது. எண்ணெய் தேய்த்துவிட்டுப் பிழைத்தவர்க்கு அது கஷ்டத்தை விளைத்திருக்கும் என்பதில் ஐயமில்லை. எனினும் அந்தத் தண்ணீர் குளிப்பவரோடு முடிந்துபோவதன்று.

பேரருவியின் பொங்குமாகடல் என்னும் பாறைப் பள்ளத்தில் விழுந்து தெறிக்கும் அந்நீர் சிற்றாறாகித் தென்காசியைக் கடந்து, அணைக்கட்டு அணைக்கட்டாகத் தேங்கி, வழிநெடுக வயல்களுக்குப் பாய்ந்து, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. அருவியைப் பார்த்தே இராத உழவன் ஒருவன் அந்நீருக்காக மடையருகே காத்திருக்கிறான். குற்றாலத்து வியாபாரத்துக்கு முதல் என்பது விடுதியுமன்று, கடையுமன்று. மேலே நிற்கும் காடும் அது பிடித்துத் தரும் சாரலுமே. முதலைச் செலவழித்து லாபம் கண்ட வியாபாரி எந்த ஊரிலும் இல்லை.